எரிந்த ஊர்களிலே ஓர் இராஜதந்திரி

பாண்டியன் ஒருவன் இரவிலே நகர்சோதனை போன கதையைத் தமிழர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். கணவன் யாத்திரை சென்றிருந்த ஒரு வீட்டுக்கு அவன் தானே காவலாயிருந்தான். ஓரிரவு அவ்வீட்டினுள்ளே ஆடவன் குரல் கேட்டது. ஐயுற்ற அரசன் கதவைத் தட்டினான். உள்ளே இருந்தவன் ஊர் திரும்பிய கணவனே. தான் தட்டியதனால் அந்தப் பெண்மீது வீண்பழி வந்துவிடுமே என்று அஞ்சிய அரசன், அத்தெருவிலுள்ள கதவுகளையெல்லாம் தட்டிவிட்டு மறைந்தான். மறுநாள் தெருவார் அரசவையிலே முறையிட்டனர். கதவு தட்டிய கையைத் தானே துணித்துக்கொண்டு, பின்னர் அவன் பொற்கைப் பாண்டியன் என்று பெயர் பெற்றான். சிலப்பதிகாரத்திலும் இக்கதை வருகின்றது.

ஆள்வோர் ஊரைப் பார்க்கப் போதல் நன்று. ஆயின் பார்க்கப்படுவோர்க்கு அதனால் வரும் இடுக்கணும் உண்டு. இன்று மாறுவேடம் பூண்டு செல்லும் மன்னர் இல்லை. அவர்களுடைய இடத்தில், போரால் நலிந்த நாடுகளுக்கு இராஜதந்திரிகள் செல்கின்றனர். முன்னாலும் பின்னாலும் வண்டிகள் ஓடுகின்றன, படப்பிடிப்பாளர் ஓடுகின்றனர், அடிக்கல் நாட்டப்படுகின்றது, மாலைக்குள் எல்லாரும் திரும்பிவிடுகின்றனர். இவ்வகை விஜயங்களால் யாருக்கு என்ன பயன் என்று எண்ணுவோர், கிழக்குத் தீமோரிலே 1999 ஆம் ஆண்டு முதல் 2002 ஆம் ஆண்டு வரை பணியாற்றிய சேர்ஜியோ வியேரா டி மெல்லோ என்பவரின் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் தகும். அவர் வெறும் விருந்தாளியாக அங்கே செல்லவில்லை. ஒரு நாட்டின் சட்டம் இயற்றும் அதிகாரமும் அதனை நிறைவேற்றும் அதிகாரமும் முழுவதும் அவர் கையிலே கொடுக்கப்பட்டிருந்தன. அந்தக் கையை அவர் என்ன செய்தார் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தீமோர், இந்தோனேசியத் தீவுக்கூட்டத்தின் கிழக்கு ஓரத்திலே, அவுஸ்திரேலியாவுக்கு வடக்கே கிடக்கும் தீவு. சந்தன மரத்தின் பொருட்டுச் சீனரும் பிறரும் பண்டுதொட்டு அங்கே சென்றனர். அந்த வாசனையே போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் இழுத்தது. இரு சாராரும் தீவைப் பங்கிட்டுக்கொண்டனர். மேற்குப் பாதி ஒல்லாந்தர் வழியாக இந்தோனேசியாவைச் சேர்ந்தது. கிழக்குப் பாதி போர்த்துக்கேயரிடம் நின்றது. அந்தக் கிழக்குப் பகுதியின் பரப்புச் சுமார் 15,000 சதுர கிலோமீற்றர். இலங்கையின் நாலிலொரு பங்குக்கும் குறைவு. மலை மிகுந்த நிலம். கோப்பியே அதன் முதன்மையான ஏற்றுமதிப் பயிர்.

1974 ஆம் ஆண்டிலே போர்த்துக்கலில் ஆட்சி மாறிற்று. அடுத்த ஆண்டு நவம்பர் 28 ஆம் நாள் கிழக்குத் தீமோரின் இயக்கத்தார் சுதந்திரப் பிரகடனம் செய்தனர். ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 7 ஆம் நாள், இந்தோனேசியப் படை புகுந்தது. இருபத்துநான்கு ஆண்டுகள் நீடித்த அந்த ஆட்சியிலே போரினாலும் பட்டினியாலும் நோயாலும் மாண்டோர் பலர். 1974 முதல் 1999 வரையிலான மோதலினால் ஏற்பட்ட மரணங்கள் குறைந்த அளவாகக் கொண்டாலும் 102,800 என்று பின்னர் உண்மை கண்டறியும் ஆணைக்குழு கணித்தது. மக்கள் தொகை பத்து இலட்சத்தை எட்டாத நாட்டிலே இது எத்துணைப் பெரிய தொகை!

1999 ஓகஸ்ட் 30 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை அங்கே மக்கள் தீர்ப்பு நடத்திற்று. பதிவு செய்தோரில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் வந்து வாக்களித்தனர். நூற்றுக்கு 78.5 பேர் இந்தோனேசியாவிலிருந்து பிரிவதையே வேண்டினர். செப்ரெம்பர் 4 ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. அதன் பின் இரண்டு வாரங்களிலே, இந்தோனேசியப் படையினரின் துணைபெற்ற ஆயுதக் குழுக்கள் நாட்டைக் கொளுத்தின. கட்டடங்களில் நூற்றுக்கு எழுபது அளவில் அழிந்தன. மின்சாரம், தொலைபேசி, குடிநீர்க் குழாய் ஆகியன நாசமாயின. காணி உறுதிப் பதிவுகளும் சாம்பலாயின. ஏறத்தாழ 250,000 பேர் எல்லைக்கு அப்பால் மேற்குத் தீமோருக்குத் துரத்தப்பட்டனர், அல்லது ஓடினர். செப்ரெம்பர் 20 ஆம் நாள் அவுஸ்திரேலியத் தளபதியின் கீழ்ப் பன்னாட்டுப் படை வந்திறங்கிய பின்னரே தீ தணிந்தது.

அந்த ஆண்டு நவம்பர் நடுப்பகுதியிலே டி மெல்லோ தலைநகர் டிலியை அடைந்தார். டி மெல், டி சில்வா என்னும் பெயர்களைக் கேட்டுப் பழகிய இலங்கையர்க்கு இந்தப் பெயரின் ஒலி புதிதன்று. அவர் பிரேஸில் நாட்டவர். 1948 இல் றியோ டி ஜெனீரோவிலே பிறந்தவர். தந்தையும் இராஜதந்திரி. 1969 இல் பிரேஸிலின் இராணுவ ஆட்சி அத்தந்தையைப் பதவியிலிருந்து விலக்கிற்று. அதே ஆண்டு மகன் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையாளர் அலுவலகத்திலே பணியிற் சேர்ந்தார். பாரிஸ் நகரிலே தத்துவம் கற்று, 1968 ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சியிலும் கலந்துகொண்ட இளைஞர் அவர். பங்களாதேசம், சூடான், சைப்பிரஸ், மொசாம்பிக், லெபனான், பொஸ்னியா என்று துயரம் நிகழ்ந்த நாடுகளே அவருடைய பணியிடங்களாயின.

அவற்றுள் கம்போடியாவைப்பற்றி ஒரு சொல் சொல்லியே ஆகவேண்டும். 1992 ஆம் ஆண்டிலே தாய்லாந்து எல்லை முகாம்களிலிருந்து 360,000க்கு மேற்பட்ட அகதிகளைத் தாயகத்திற்கு மீட்டுவரும் பொறுப்பு அவருக்கு இருந்தது. குடும்பம் ஒன்றுக்கு இரண்டு ஹெக்டயர் நிலம் கொடுப்பது என்பது திட்டம். நிலத்தைச் சென்று பார்த்தபோது, கண்ணிவெடி இல்லாத நிலம் போதிய அளவு இல்லை என்பது தெரிந்தது. கைப்பணமாகக் கொடுத்து, விரும்பிய ஊருக்குச் செல்ல விடுதல் என்ற மாற்று வழி திறக்கப்பட்டது. பெரும்பாலோர் அந்தப் பணத்தையே தெரிந்தெடுத்து உறவினர் இருந்த ஊர்களை நாடிப் போயினர். காகிதத்திலே நன்றாக இருந்த திட்டத்தை நேரிற் கண்ட நிலைமை வென்றது.

தீமோரிலே அவருக்கு வாய்த்த நிலை வேறு. 1999 நவம்பர் 27 ஆம் நாள் வெளியிட்ட முதலாம் பிரமாணத்தின்படி, சட்டம் ஆக்குதலும் நிருவாகம் நடத்துதலும் நீதித்துறை நிருவாகமும் யாவும் இடைக்கால நிருவாகியையே சார்ந்தன. போர்த்துக்கேயத் தேசாதிபதிகளுக்கும் இத்துணை அதிகாரம் இருந்ததோ என்று கேட்கத் தோன்றும். டிலியின் கடற்கரையிலே அந்தத் தேசாதிபதிகள் இருந்த அதே மாளிகையிலேதான் அவருடைய அலுவலகமும் அமைந்தது. வெள்ளைச் சுவரும் வளைவு நடைபாதையும் உடைய அந்தக் கட்டடத்தைக் கண்ட முதியோர் மனத்திலே என்ன எண்ணம் ஓடியிருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

டிலியிலிருந்து மாவட்டங்களுக்கு அவர் அடிக்கடி புறப்பட்டுச் சென்றார். நாடு பதின்மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருந்தது. மழைக் காலத்திலே மலைப் பாதைகள் சரிந்து மூடுண்டு போகும். ஆகையால் ஹெலிகொப்டரிலேயே பெரும்பாலும் போகவேண்டியிருந்தது. தென்மேற்குக் கரையிலே சுவாய் என்னும் ஊர். அங்கே தேவாலயத்திலே தஞ்சம் புகுந்திருந்தோரும் குருமாரும் 1999 செப்ரெம்பர் 6 ஆம் நாள் கொல்லப்பட்டனர். ஒக்குசி என்பது நாட்டோடு ஒட்டாமல், மேற்குத் தீமோருக்குள்ளே தனித்துக் கிடக்கும் துண்டு நிலம். எங்கே பார்த்தாலும் கரிந்த சுவரும் கூரையில்லா வீடும்.

விருந்தினரை வரவேற்கும் முறையிலே தீமோர் மக்கள் நம்மவர்க்கு இளைத்தவர் அல்லர். பெண்கள் சிறு பறைகளைக் கொட்டி ஆடிக்கொண்டு முன்னே வருவர். கைத்தறியிலே நெய்த 'தாய்ஸ்' என்னும் வண்ணத் துகிலை வந்தவர் தோளிலே போடுவர். பொன்னாடை போர்த்தும் வழக்கம் போன்றதே அது. வீடு எரிந்து கிடக்கும்போதும் இந்த உபசாரம் குறையவில்லை. விருந்தினரின் கடமை அங்கேதான் கடுமையாகின்றது. தோளிலே துகிலைத் தாங்கிக்கொண்டு, 'கூரைத் தகரம் எப்போது வரும்?' என்ற வினாவுக்கு விடை சொல்லவேண்டும். அந்த விடை அவரிடம் இல்லை.

ஏன் இல்லை? பணம் இல்லாமலா? டோக்கியோ நகரிலே 1999 டிசம்பரிற் கூடிய உதவி நாடுகள் 52 கோடி டொலருக்கு மேல் தருவதாக வாக்களித்திருந்தன. ஐக்கிய நாடுகள் நிருவாகத்துக்கென வேறு பெருந்தொகை வந்தது. ஆனால் அந்தப் பெருந்தொகை நிருவாகக் குழுவுக்கே உரியது. உத்தியோகத்தரின் சம்பளத்துக்கும் வண்டிகளுக்கும் கணினிகளுக்கும் செலவிடலாம். ஒரு பள்ளிக்கூடத்துக் கூரைக்குச் செலவிட விதி இடம் தராது. கட்டடம் கட்டும் பணமோ உலக வங்கி முதலியவற்றின் பொறுப்பிலே, கேள்விப்பத்திரம், ஒப்பந்தம், அங்கீகாரம் என்ற படிகளை ஏறி இறங்கி மெல்ல வந்தது. நிருவாகக் குழுவின் ஓராண்டுச் செலவு ஏறத்தாழ 69 கோடி டொலர். கிழக்குத் தீமோர் முழு நாட்டுக்குமான வரவு செலவுத் திட்டமோ 6 கோடி டொலரை எட்டவில்லை. இது நேரான காரியமன்று என்று டி மெல்லோவே வெளிப்படையாகக் கூறினார். மருத்துவர் வண்டிக்குச் செலவான பணத்தில் பத்திலொரு பங்கும் மருந்துக்கு இல்லை என்றால் நோயாளி என்ன நினைப்பான்!

டிலி வாசிகள் நினைத்ததை மறைக்கவில்லை. வெளிநாட்டு உத்தியோகத்தர் தங்குவதற்கு வீடுகள் இல்லாமையால் துறைமுகத்திலே விடுதிக் கப்பல் ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. இரவிலே அதன் விளக்கொளியும் இசையும் கரைக்கு எட்டும். கரையிலே இருந்தோர்க்கு மின்சாரம் இல்லை, வேலை இல்லை. 2000 ஜனவரியிலே வேலைக்கு விண்ணப்பம் கொடுக்க ஆயிரக்கணக்கான இளைஞர் டிலியிலே திரண்டனர். ஆங்கிலம் தெரிந்திருக்கவேண்டும் என்று அறிந்ததும் கல்வீச்சு நிகழ்ந்தது. தங்கள் நாட்டிலே வேலை பெறுவதற்கு மூன்றாவது நாட்டு மொழி ஏன் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வியே.

மொழிப் பிரச்சினையை இவ்விடத்திலே சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் பள்ளிக்கூடங்களின் வாழ்வு அதிலே தொங்கிற்று. பள்ளிக் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை சேதமடைந்திருந்தன. கட்டடத்தை மரத்தடியிலாவது நடத்திவிடலாம். ஆசிரியரை எங்கே தேடுவது? இடைநிலைப் பள்ளி ஆசிரியருள் பெரும்பாலோர் இந்தோனேசியர். அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டனர். எஞ்சிய தீமோரிய ஆசிரியர், சம்பளம் வருமோ வராதோ என்று பாராது, பாய் விரித்தும் கல்லில் இருத்தியும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டனர். இவர்களையே அந்நாட்டின் முதற் புனரமைப்பாளர் என்று சொல்லுதல் பொருந்தும். எந்தத் திட்ட அறிக்கையும் இவர்களை எதிர்பார்த்திருக்கவில்லை.

ஆனால் எந்த மொழியிலே கற்பிப்பது? ஐம்பது வயதினர் போர்த்துக்கேயம் கற்றவர். இருபது வயதினர் இந்தோனேசிய மொழியிலேயே எழுத்தறிந்தவர். வீட்டிலும் சந்தையிலும் வழங்குவது தெத்தும் என்னும் மொழியும் வேறு பல மொழிகளும். தெத்தும் மொழியின் சில சொற்கள் தமிழர் காதுக்கு இனிக்கும். மேசையை அவர்கள் 'மெசா' என்பர், யன்னல் 'ஜனேலா', சப்பாத்து 'சப்பாத்து'வே, சாவி 'ஷாவெ'. ஒரே கப்பலில் வந்த சாமான்கள் இரண்டு துறைமுகங்களில் இறங்கியவாறு, போர்த்துக்கேயச் சொற்கள் நம்மிடமும் அவர்களிடமும் தங்கிவிட்டன.

டி மெல்லோவின் தாய்மொழி போர்த்துக்கேயம். முதிய தலைவரோடும் குருமாரோடும் இடையீடின்றிப் பேச அது அவருக்குக் கைகொடுத்தது. அதுவே இளைஞரிடமிருந்து அவரைத் தூர நிறுத்தவும் செய்தது. அவர் தெத்தும் மொழியைப் பாடம் கேட்டுப் பயின்றார். ஐம்பது வயதைத் தாண்டிய, பல மொழி வல்ல, இரவு பகல் அலுவலுள்ள ஒருவர் ஒரு சிறு நாட்டின் மொழியை எழுத்துக்கூட்டிப் படித்தார் என்பதை மாணவர்க்கு எடுத்துச் சொல்லலாம். 2002 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புப் போர்த்துக்கேயத்தையும் தெத்தும் மொழியையும் அரச கரும மொழிகளாக்கிற்று. இந்தோனேசிய மொழியும் ஆங்கிலமும் தேவையான அளவுக்கு அலுவல் மொழிகளாக நின்றன. ஆசிரியரே அறியாத மொழியிலே பாடநூல் வந்தபோது வகுப்பறைகள் பட்ட பாடு நெடுநாள் நீடித்தது. முதியோர் முடிவு செய்தனர். சிறுவர் அதைச் சுமந்தனர்.

நீதிமன்றங்களின் கதை வேறு வகையிலே நெஞ்சைத் தொடுவது. இந்தோனேசிய ஆட்சியிலே நீதிபதியாக இருந்த தீமோரியர் ஒருவரும் இலர். சட்டம் கற்றோர் எங்கெங்கே இருக்கின்றனர் என்பதும் தெரியாது. வானொலியும் இல்லை, தபாலும் இல்லை. பன்னாட்டுப் படையின் விமானங்கள் வானத்திலிருந்து துண்டுப் பிரசுரங்களைப் போட்டன: சட்டம் பயின்றோர் முன்வருக என்று. ஒருவர் இருவராக வந்தனர். இரண்டு மாதத்துக்குள் அறுபது பேரளவிற் சேர்ந்தனர். 2000 ஜனவரி 7 ஆம் நாள், எரிந்து கூடாய் நின்ற டிலி நீதிமன்றக் கட்டடத்திலேயே, எட்டு நீதிபதிகளும் இரண்டு வழக்குத் தொடுநரும் டி மெல்லோவின் முன்னிலையிலே பதவிப் பிரமாணம் செய்தனர். அனுபவம் போதாது என்று குறை கூறினோர் இருந்தனர், அக்குறை பொய்யுமன்று. ஆயினும் தங்கள் நாட்டவர் நீதிபதி ஆசனத்திலே அமர்ந்ததைக் கண்டு அங்கே கண்ணீர் சொரிந்தோரின் உணர்ச்சியும் பொய்யன்று.

அதே வேகம் மற்றத் துறைகளில் இல்லை. உலக வங்கி கிராமங்களுக்கு நேரே பணம் கொடுக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கிராமத்திலும் மக்கள் ஆணும் பெண்ணும் சம அளவிலே உறுப்பினரைத் தெரிந்து சபை அமைக்கவேண்டும். பணத்தை என்ன செய்வது என்று அச்சபையே தீர்மானிக்கவேண்டும். ஐக்கிய நாடுகள் நிருவாகத்தார் முதலில் இதனை விரும்பவில்லை. தேர்தல் இப்போதே கூடாது, அதிகாரம் சிதறிவிடும் என்று வாதித்தனர். டி மெல்லோவும் அந்தத் தயக்கத்திலிருந்து நீங்கியவர் அல்லர். விவாதத்தின் பின் 2000 பெப்ருவரியிலே இணங்கினார். 400க்கு மேற்பட்ட கிராமச் சபைகள் தோன்றின. தங்கள் பாட்டன்மாரின் வழிவந்த ஊர்த் தலைவர்களை ஒதுக்கிவிட்டுப் புதுச் சபை அமைத்தது பல ஊர்களிலே வேறு சிக்கலைத் தந்தது என்று பின்னர் ஆராய்ந்தோர் எழுதினர். பெண்ணுக்குச் சரிபாதி இடம் என்ற விதியை எழுதுதல் எளிது. சபையிலே அவள் குரலைக் கேட்கச் செய்தல் எளிதன்று. இதற்குத் தீமோர் வரையில் போய்ப் பார்க்கவேண்டிய தேவையுமில்லை.

வெளியார்க்கு விளங்காத இன்னொரு காரியமும் அங்கே நடந்தது. தங்கள் வீட்டுக்கே கூரை அரைகுறையாக இருக்க, மலைநாட்டு மக்கள் பலர் தத்தம் குலத்தின் புனித இல்லங்களைக் கூட்டாகக் கட்டி எழுப்பினர். அவற்றை 'ஊமா லூலிக்' என்பர். முன்னோரின் பொருள்கள் வைக்கப்படும் உயர்ந்த கூரை வேய்ந்த இல்லம் அது. பொருளியல் கணக்கிலே இது எந்தப் பத்தியிலும் அடங்காது. கோயில் சிதைந்த ஊரிலே கோயிலை முதலிற் கட்டும் மக்களை அறிந்தவர் இதைப் புரிந்துகொள்வர்.

2000 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே டி மெல்லோ ஒரு முடிவுக்கு வந்தார். தாமும் தம்முடைய குழுவினரும் சிறப்பாக வேலை செய்து முடித்துவிட்டு, சுதந்திர நாளன்று சாவியைக் கையளித்துவிட்டுப் போகலாம் என்னும் எண்ணம் தவறு. பதினைந்து பேர் கொண்ட ஆலோசனைச் சபை ஒன்று முன்னரே இருந்தது. அது ஆலோசனை சொல்லலாமே அன்றி வேறொன்றும் செய்ய இயலாது. மாவட்டங்களிலே ஆண்டவர் வெளிநாட்டவரே. தீமோரின் தலைவர் சனானா குஸ்மாவோ, காட்டிலே போராடியவர், ஜகார்த்தாச் சிறையிலே பல ஆண்டு கிடந்தவர். தம் நாட்டிலேயே தாம் விருந்தாளியாக்கப்பட்டதை அவர் உரத்துச் சொன்னார். டி மெல்லோ தலைவர்களை அழைத்து அதிகாரத்தைப் பகிரும் வழிகளை முன்வைத்தார். எட்டு அமைச்சுகளில் நான்கைத் தீமோரியர்க்குக் கொடுப்பது என்பது முடிவாயிற்று. பாதுகாப்புச் சபை இத்துணை விரைவை அவரிடம் கேட்டிருக்கவில்லை. இனித் தீமோரிய அமைச்சரின் கீழ் வேலை செய்ய மனமில்லாதோர் விலகிக்கொள்ளலாம் என்று தம் உத்தியோகத்தருக்கு அவர் கூறியதாகவும் எழுதப்பட்டுள்ளது.

அமைச்சர்களும் திருப்தியடையவில்லை. பெயர் இருக்கின்றது, அதிகாரம் இல்லை என்று அவ்வாண்டு டிசம்பரிலே கடிதம் எழுதிக் கண்டித்தனர். வண்டியும் மேசையும் எழுத்தரும் வெளிநாட்டுக் குழுவினரிடமே இருந்தன. அதிகாரத்தைக் காகிதத்திலே பகிர்தல் ஒன்று. அலுமாரித் திறப்பைக் கொடுத்தல் வேறொன்று.

ஆயினும் காரியங்கள் நடந்தன. 2000 பெப்ருவரி 29 ஆம் நாள் இந்தோனேசிய ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாகித் டிலிக்கு வந்தார். 1991 நவம்பரிலே ஊர்வலம் சென்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்ட சந்தா குறூஸ் மயானத்திலே மலர் வைத்தார்; நடந்தவற்றுக்கு மன்னிப்பும் கேட்டார். அதே ஆண்டு செப்ரெம்பர் 6 ஆம் நாள் மேற்குத் தீமோரின் அத்தம்புவாவிலே, அகதிகள் அலுவலகத்தைச் சேர்ந்த மூவர் ஆயுதக் குழுவினராற் கொலையுண்டனர். டி மெல்லோ முப்பது ஆண்டு உழைத்த அலுவலகம் அது. அகதிகளைத் திரும்ப அழைக்கும் முயற்சி நிற்கவில்லை. சுதந்திரம் வருமுன் 200,000 பேரளவில் ஊர் திரும்பினர்.

2001 ஓகஸ்ட் 30 ஆம் நாள், தீயோடு தொடர்ந்த அந்த வாக்கெடுப்பின் இரண்டாம் ஆண்டு நிறைவிலே, அரசியலமைப்புச் சபைத் தேர்தல் நடந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வாக்களித்தனர். ஒரு கட்டடமும் எரியவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலிலே குஸ்மாவோ ஜனாதிபதியாகத் தெரிவானார். 2002 மே 19 ஆம் நாள் நள்ளிரவு, டிலி நகருக்கு வெளியே தாசித்தோலு என்ற கடற்கரை வெளியிலே ஐக்கிய நாடுகளின் நீலக் கொடி இறங்கிற்று. புதிய நாட்டின் கொடி ஏறிற்று. இந்தோனேசியாவின் ஜனாதிபதி மேகவதியும் அங்கே வந்திருந்தார். இரண்டொரு நாளிலே டி மெல்லோ விமானம் ஏறினார்.

அவர் விட்டுச் சென்ற நாடு ஏழை நாடு. கூரைகள் பல ஏறியிருந்தன, பல ஏறவில்லை. மிகக் கேடான குறை வேறிடத்திலே ஒளிந்திருந்தது. புதிய பொலிசும் புதிய படையும் அவருடைய காலத்திலேயே அவசரமாகக் கட்டப்பட்டவை. காட்டிலே போராடியோரில் எவரைச் சேர்ப்பது, எவரை விடுவது, கிழக்கு மாவட்டத்தார்க்கு எத்தனை இடம், மேற்கு மாவட்டத்தார்க்கு எத்தனை இடம் என்னும் வினாக்கள் தீரவில்லை. 2006 ஆம் ஆண்டிலே படையிலிருந்து ஏறத்தாழ அறுநூறு வீரர் நீக்கப்பட்டதைத் தொடர்ந்து படையும் பொலிசும் டிலித் தெருக்களிலே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். சுமார் ஒன்றரை இலட்சம் பேர் வீடிழந்தனர். 1999 இலே எரிந்து மீண்டும் கட்டிய வீடுகளிற் சில மறுபடி எரிந்தன. கட்டடம் எழுவதைச் சுற்றிப் பார்க்கும் கண்ணுக்குப் பாசறைக்குள்ளே புகையும் பகை தெரிவதில்லை. இது டி மெல்லோவின் கணக்கிலே எழுதப்படவேண்டிய பற்று. அவருடைய நண்பரும் இதனை மறுக்கவில்லை.

அந்தக் குழப்பத்தைக் காண அவர் உயிரோடில்லை. 2002 செப்ரெம்பரிலே மனித உரிமைகள் உயர் ஆணையாளர் பதவியை ஏற்றவர், மறு ஆண்டு நான்கு மாதத்துக்கென்று ஈராக்குக்கு அனுப்பப்பட்டார். 2003 ஓகஸ்ட் 19 ஆம் நாள் பக்தாதிலே, ஐக்கிய நாடுகள் அலுவலகமாயிருந்த கனால் விடுதியின்மீது வெடிமருந்து ஏற்றிய லொறி மோதிற்று. இருபத்திரண்டு பேர் மாண்டனர். அவர்களுள் அவரும் ஒருவர். இடிபாட்டுக்குள்ளே நெடுநேரம் சிக்கியிருந்தே உயிர் நீத்தார். அந்நாளையே உலக மனிதாபிமான நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2008 இலே குறித்தது.

கிழக்குத் தீமோருக்கு மறுபடி அனுப்பப்பட்ட ஐக்கிய நாடுகள் பணிக்குழு 2012 டிசம்பர் 31 ஆம் நாள் முற்றாக விலகிற்று. 2025 ஒக்ரோபர் 26 ஆம் நாள் கோலாலம்பூர் மாநாட்டிலே, இந்தோனேசியா உள்ளிட்ட அயல்நாடுகள் அந்நாட்டைத் தென்கிழக்காசிய நாடுகள் சங்கத்தின் பதினோராவது உறுப்பு நாடாக ஏற்றுக்கொண்டன. 2000 ஆம் ஆண்டிலே கூரையற்ற வகுப்பறையில் முதற்பாடம் கேட்ட பிள்ளைகளுக்கு அப்போது முப்பது வயது கடந்திருந்தது. மாநாட்டிலே தம் நாட்டுக்காகப் பிரதமராக வந்து நின்றவர், தம் நாட்டிலேயே தாம் விருந்தாளியாக்கப்பட்டதாக முன்னொரு காலம் டி மெல்லோவிடம் முறையிட்ட அதே சனானா குஸ்மாவோ.